சமைத்தவர் கழுவக் கூடாத வீடு

எங்கள் அன்பு அம்மா, இராயக்கோட்டை அருகே தக்காளித் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் அனுப்ப வழியில்லை. உத்தனப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டு, அப்பா இறந்த பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வந்தார். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டு கழுவும் வேலை கிடைத்தது. மூன்று ஷிப்டு ஆட்களின் எச்சில் தட்டுகளைக் கழுவியே என்னைப் பர்கூரில் பொறியியல் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமை முழுவதும் அம்மாவுக்கே உரியது.

அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் வீட்டில் சாப்பிட்டவர் யாரும் தட்டைக் கழுவக் கூடாது; அவரேதான் கழுவுவார். "கேன்டீன்ல கழுவுறது பொழப்பு. வூட்ல கழுவுறது மரியாதை" என்பார்.

என்னுடன் வேலை பார்த்த ஜெர்மன் நாட்டுப் பொறியாளர் கிளாரா, ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்களுடன் தங்க வந்தார். எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரே குழாய். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும், கிளாரா தன் தட்டோடு அம்மாவின் தட்டையும் எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, வையிம்மா! வையி!" என்று அம்மா ஓடினார். கிளாரா சிரித்துக்கொண்டே தேய்த்தார்.

பக்கத்து வீட்டு லட்சுமக்கா சும்மா இருப்பாரா? "ஏம்மா, பாத்திரம் தேய்க்க ஜெர்மனில இருந்தா ஆளு வர வெச்சிருக்கே? எங்க வூட்டுக்கும் ஒரு நாள் அனுப்பேன்!"

லைனே சிரித்தது. அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. "வந்த பொண்ணுகிட்ட எச்சித் தட்டைக் குடுத்துட்டேனே. இனி எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிடுவேன்?" என்று கலங்கினார்.

நான் கிளாராவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தங்கள் வீட்டில் சமைத்தவரைக் கழுவ விடமாட்டார்கள் என்றார். சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது தெரிந்தால் தன் அம்மா வெட்கப்படுவார் என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன்.

"அவங்கம்மா வெக்கப்படுவாங்களா?" என்று கேட்ட அம்மா, "பொண்ணைச் சரியா வளக்கலைன்னு அவங்களுக்கு நான் எதுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கணும்? கழுவட்டும்" என்றார்.

மறுநாள் குழாயடியில் கிளாராவுக்கு முக்காலி போட்டுக் கொடுத்தவர் அம்மாதான். லட்சுமக்கா வாய் திறக்கும் முன்பே முந்திக்கொண்டார்: "அவங்க ஊர்ல சமைச்சவ கழுவக் கூடாதாம்க்கா. உங்க வூட்டுக்காரரை நாலு மாசம் அங்க அனுப்பி வெய்யுங்க, பழகிட்டு வரட்டும்!"

கிளாரா ஊர் திரும்பிய அடுத்த ஆண்டு அம்மா படுக்கையில் விழுந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. நோயைவிட, பிறர் தனக்குச் செய்வதுதான் அவரை அதிகம் வருத்தியது. நான் வேலைக்குப் போனதும் லட்சுமக்காதான் கஞ்சி ஊட்டுவார். ஒரு நாள் அம்மா கஞ்சித் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க்கா, நீங்க போய் என் எச்சிலைக் கழுவுறதா?" என்று அழுதார்.

"எத்தினி வருசம் இந்த லைனுக்கே ஆக்கிப் போட்டே? சமைச்சவ கழுவக் கூடாதுன்னு ஊரைக் கூட்டிச் சொன்னது நீதானே? குடு இப்படி" என்றார் லட்சுமக்கா. அம்மா சிரித்துவிட்டார். பிடியை விட்டார்.

கடைசி வரை உடனிருந்த லட்சுமக்காவுக்கும், ஷிப்டு முடிந்து மாறி மாறி வந்து பார்த்த கேன்டீன் சகோதரிகளுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், உறவினர் அனைவருக்கும் என் நன்றி. அம்மா மறைந்த செய்தி கேட்டுப் போனில் என்னோடு அழுத கிளாராவுக்கும் அவர் தாயாருக்கும் நன்றி.

முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். அன்று நான் சமைக்கிறேன். "என் தட்டை நானே கழுவுவேன்" என்று உங்களில் யாராவது எழுந்தால், தடுக்கமாட்டேன்.