நான்கு கைச் செட்டியார்

தலையில்லாத ஓர் உடம்பை வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னவன் நான்தான். அதைச் சுற்றுச்சூழல் சேவை என்று நம்பியவனும் நானே.

தொண்ணூறுகளின் நடுவில், வங்காளத்தின் கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருந்தோம். குப்பையிலிருந்து உபயோகமாக ஏதாவது செய்துவரும்படி என் மகளின் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் பேனா ஸ்டாண்ட் செய்தார்கள். பேனா ஸ்டாண்டால் பூமி பிழைக்காது என்று நான் அவளுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன்.

அந்தச் சமயம் பார்த்து, தொழிற்கருவிகளின் தெய்வமான விஸ்வகர்மாவுக்குப் பூஜை முடிந்து, துறைமுகப் பட்டறைக்காரர்கள் அந்த மண் சிலையைப் பின்பக்கக் குளத்தில் கரைத்திருந்தார்கள். மண் கரைந்துபோய், மூங்கிலும் வைக்கோலுமாக நான்கு கை உடம்பு மட்டும் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. எங்கள் கொலுவின் செட்டியார் பொம்மை போன வருடமே உடைந்திருந்தது. ஆளுயரத்தில் ஒரு செட்டியார்! நான்கு கை இருந்தால் என்ன, தராசுக்கு ஒன்று, பொட்டலத்துக்கு இரண்டு, கல்லாவுக்கு ஒன்று.

பின்பக்க வராந்தாவில் அதை நிறுத்தினோம். மாடி வீட்டு வங்காளி அம்மாள், நாங்கள் காக்கிமா (சித்தி) என்று கூப்பிடுபவர், வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"தண்ணியோட போனதை வீட்டுக்குள்ள கூப்பிடாதீங்க, தாதா," என்றார் வங்காளத்தில். தாதா என்றால் அண்ணா.

"மறுபயன்பாடு, காக்கிமா," என்றேன் நான். அந்தச் சொல்லுக்கு வங்காளம் தெரியாததால் ஆங்கிலத்தில்.

மழை விடவில்லை. வைக்கோல் காயவுமில்லை. மகள் மைதாப் பசை காய்ச்சி, பழைய செய்தித்தாள்களை அதன் மேல் ஒட்டிக்கொண்டே வந்தாள். ஒரு சாயங்காலம் கரண்ட் போனபோது கை நிறையப் பசையோடு வந்து நின்றாள்.

"அப்பா, செட்டியார் மூச்சு விடறார்."

"ஈர வைக்கோல் காயும்போது அப்படித்தான் சத்தம் வரும்," என்றேன். அப்படி ஒரு விஞ்ஞானம் கிடையாது.

மறுநாள் வயிற்றில் ஒட்டியிருந்த தாள் கிழிந்திருந்தது. விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்திருந்தது. எலி என்று முடிவுகட்டி நானே ஒட்டுப் போட்டேன். அதற்கடுத்த நாள் என் மனைவி வராந்தாவில் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

"இங்க பாருங்க, துணி துவைக்கிற கல்லுக்கு அடியில தவளை கத்திக்கிட்டே இருக்குமே. ஏன் ஒண்ணையும் காணோம்?"

"நல்லதுதானே."

"இந்த மழையிலயா? எனக்குச் சரியாப் படல. அதைத் தூக்கி வெளிய போடுங்க. பிள்ளை நாள் பூரா அது மேலயே கிடக்குது."

ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்றேன். பிடிவாதத்துக்கு அது மரியாதையான பெயர்.

சனிக்கிழமை வயிற்றுக்குப் பால் கவரும் கிழிந்த புடவையும் திணிக்கும் வேலை. தலைக்கு வைத்திருந்த விரிசல் பானையை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் நெஞ்சிலிருந்த ஓட்டை வழியாக முழங்கை வரை கையை விட்டிருந்தாள். திடீரென்று அசையாமல் நின்றாள்.

"அப்பா, உள்ள ஜில்லுனு இருக்கு."

சற்றுக் கழித்து, ரொம்ப மெதுவாக, "நகருது" என்றாள்.

மனைவிதான் பின்னாலிருந்து சாதாரணக் குரலில் பேசினாள். "பயப்படாதம்மா. கையை மெதுவா எடு. இன்னும் மெதுவா. அவ்வளவுதான்."

கை வெளியே வந்தது. அதில் பசையைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்புறம், செட்டியாருக்குத் தலை வரவேண்டிய இடத்தில் ஒரு தலை வந்தது. எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு, தராசுக் கை வழியாக வழிந்து இறங்கி, சாக்கடைத் துவாரத்துக்குள் போயிற்று. போய் முடிய வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. பானை என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு இறங்கிவந்த காக்கிமா அப்போதுதான் முதல்முறையாக வராந்தாவுக்குள் வந்தார். மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாம்பின் நிறத்தையும் உடம்பிலிருந்த கட்டங்களையும் மனைவியிடம் விசாரித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெறும் தண்ணிப் பாம்பு, தாதா. விஷம் கிடையாது. தவளை சத்தமில்லாம ஒரு வாரம் நான் நல்லாத் தூங்கினேன். உங்க பிராஜெக்ட்ல உருப்படியா வேலை பார்த்தது அது ஒண்ணுதான், அதையும் விரட்டிட்டீங்க."