கழுவிய செம்மண்

2006 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. வழக்கம்போல் செயினுக்கு எண்ணெய் விட்டு, நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து லாஸ்பேட்டையில் நான் வேலை பார்த்த பள்ளிக்கு என் கியர் சைக்கிளில் போனேன். முந்தின நாள் அதே சைக்கிளில் ஊருக்கு வெளியே செம்மண் ஓடைகளில் இறங்கி ஏறியிருந்தேன். பல வருடங்களாக என் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான். திரும்பியதும் சைக்கிளைக் குழாயடியில் வைத்து, ஒரு பொட்டு மண் இல்லாமல் கழுவித் துடைத்துவிடுவேன். அழுக்குச் சைக்கிளோடு ஓர் ஆசிரியர் பள்ளிக்குள் நுழையலாமா?

அன்று ஒருவர் நுழைந்தார். புதிதாகச் சேர்ந்த இயற்பியல் ஆசிரியர். அவர் சைக்கிளில் கைப்பிடி வரை செம்மண். என் பத்தாம் வகுப்புப் பையன்கள் அதைச் சுற்றி நின்றார்கள்.

"ஓடைக்குள்ளயே எறங்கி ஏறினாராம் சார்," என்றான் ஒருவன் என்னிடம். "நீங்களும் கியர் சைக்கிள்தான வச்சிருக்கீங்க. எதுக்கு சார்?"

"தொடச்சி வைக்கறதுக்குடா," என்றான் பின்னால் நின்றவன்.

எல்லாரும் சிரித்தார்கள். இயற்பியல் ஆசிரியர் சிரிக்காமல் சொன்னதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

"ஒரு ஞாயித்துக்கெழம வாங்க சார். கஷ்டமில்லாத எடமா பாத்து மெதுவா கூட்டிட்டுப் போறேன்."

அந்த ஓடைகளில் எந்த வேர் எங்கே குறுக்கிடும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? பாடம் நடத்திக்கொண்டே, ஜன்னல் வழியாக அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் வீட்டுக் குழாயடி மூலையில், ஞாயிறன்று கழுவிவிட்ட மண் இன்னும் படிந்திருப்பதைக் கண்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இரண்டு டயர்களிலும் ஒரே சீராகப் பூசினேன்.