சின்னாச்சி என்று கூப்பிடும் இடம்

கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்புறமாக வளைந்து போகும் ஓர் ஒழுங்கையில், பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் கரையோர வேடர் பண்பாட்டு மையம் இருக்கிறது. பேக்கரியின் பெயர்ப்பலகை பெரிது. மையத்தின் பலகை சின்னது. தேடி வருகிறவர்கள் முதலில் பேக்கரிக்குள் நுழைந்து, சும்மா வழி கேட்கக் கூச்சப்பட்டு மீன் வைத்த ஒரு மாலுபாணையும் வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறுவார்கள். படிகள் செங்குத்தானவை. மூச்சு வாங்கி நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்து தண்ணீர் கொடுப்பவள் நாகேஸ்வரி.

வாகரைப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் தமிழ் பேசி வாழும் வேடர்களுக்காக, அவர்களிலேயே படித்து உத்தியோகம் பார்க்கிற சிலர் சேர்ந்து நடத்தும் இடம் அது. முன்னறையில் வில், தேன் குடுவை, மீன் கூடு, சடங்குப் படங்கள். அது பார்க்க வருகிறவர்களுக்கு. பின்னறையில் பாயும் தலையணையும். அது ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், பாஸ்போட் எடுக்கவும், வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சி பார்க்கவும் வருகிறவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் குசினி. முன்னறையைக் கூட்டுவதும் பின்னறைக்குச் சமைப்பதும் நாகேஸ்வரியின் வேலை. ஐம்பதைத் தாண்டிய உடம்பு. குந்தி எழும்பும்போது முழங்கால் சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டே பின்னறையில் படுத்திருப்பவர்கள் விடிந்துவிட்டது என்று எழும்புவார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நாட்களில் அவளுக்குக் களைப்பு இரட்டிப்பாகும். ஆசிரியை படங்களைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போவார். பிள்ளைகள் நாலு பக்கமும் பார்ப்பார்கள்.

"அன்டி, வேடர் எங்க?" என்று ஒரு நாள் ஒரு பையன் கேட்டான்.

கையில் தேநீர்க் கேத்தலோடு அவன் முன்னால் நின்றவள் கொஞ்சம் யோசித்தாள். "வெளிய போயிருக்காங்க மனே," என்றாள்.

அவன் நம்பி, ஜன்னலுக்குப் போய் ஒழுங்கையை எட்டிப் பார்த்தான்.

அதைக்கூடச் சிரித்து மறக்கலாம். மறக்க முடியாதது மூலையில் இருந்த மரப்பெட்டி. அதில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அமத்தினால் ஒரு பெண்குரல் பாடும். சடங்கில் தெய்வத்தை அழைக்கும் பாட்டு. பொத்தான் என்று ஒன்று இருந்தால் அமத்தாமல் போகிற பிள்ளை உலகத்தில் இல்லை. பெரியவர்களும் அப்படித்தான். காலையிலிருந்து மையத்தைப் பூட்டும் வரை அந்தக் குரல் பாடிக்கொண்டே இருக்கும்.

அது நாகேஸ்வரியின் அம்மாவின் குரல்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் கசற் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து பதிந்தது. பாட்டின் நடுவில் ஒரு சேவல் கூவும். அம்மா இருமுவாள். பிறகு பாட்டைச் சட்டென்று நிறுத்திவிட்டுச் சத்தம் போடுவாள்: "சின்னாச்சி... சின்னாச்சியோ... எங்கடி கிடக்காய்? உலை பொங்குது புள்ள, தணல இழு."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பதிலுக்கு அம்மா காத்திருக்கிற நேரம் அது. பதில் வராது. அம்மா நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடருவாள்.

பிள்ளைகள் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டுக்குப் போகும்போது ஒருவரை ஒருவர் "சின்னாச்சியோ" என்று கூப்பிட்டுக்கொண்டு படி இறங்குவார்கள். சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது, சின்னாச்சி இங்கேதான் குசினியில் நிற்கிறாள் என்று.

நாகேஸ்வரி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய பெயர். பள்ளிக்கூடத்தை அவள் சீக்கிரமே விட்டுவிட்டாள், பெயர் மட்டும் விடாமல் அடையாள அட்டை வரைக்கும் வந்துவிட்டது. வீட்டில் அவள் சின்னாச்சி. அம்மா பாடிய அன்றைக்கு, மெஷினோடு வந்த ஆளைப் பார்க்க வெட்கப்பட்டு வேலிக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தாள். கூப்பிட்டது காதில் விழுந்தது. வாய் திறந்தால் அந்த ஆள் திரும்பிப் பார்ப்பான் என்று பேசாமல் இருந்துவிட்டாள். சோறு அடிப்பிடித்தது. அம்மா ஏசவில்லை. அடிச்சோற்றைச் சுரண்டி அவளுடைய கோப்பையில் போட்டாள், அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். அங்கே அவள் நாகேஸ். மையம் திறந்தபோது இங்கே வந்தாள். இங்கே நாகேஸ்வரி அக்கா. சின்னாச்சி என்று கூப்பிட்ட அண்ணன் கடலுக்குப் போய் வரவில்லை. சித்தியும் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பெயரைச் சொல்ல மிஞ்சியிருந்தது மரப்பெட்டி மட்டும்தான்.

பெட்டி கூப்பிடும்போதெல்லாம் அவளுடைய உடம்பு அவளைக் கேட்காமலே அடுப்புப் பக்கம் திரும்பும். கூட்டிக்கொண்டிருந்தால் கை நிற்கும். உட்கார்ந்திருந்தால் பாதி எழும்புவாள். பிறகு தன்னையே நொந்துகொண்டு உட்காருவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு மனுசி எழும்பி உட்காருவது. சில நாட்களில் பெட்டியின் வயரை யாரும் பார்க்காமல் சுவரிலிருந்து கழற்றிவிடுவாள். "பழுதாப்போச்சு மகள்," என்று பிள்ளைகளிடம் சொல்லுவாள். அன்று பின்னேரம் மையம் அமைதியாக இருக்கும். ஆனால் என்னவோ ஒரு வேலை செய்யாமல் விட்டதுபோல் இருக்கும்.

அப்படியிருக்க ஒரு நாள் மையத்தின் தலைவர் சாந்தகுமார் ஒரு இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாந்தகுமார் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வேலை முடிந்து நேரே வருவதால் எப்போதும் சேட்டுக் கசங்கியிருக்கும். கூட வந்தவன் டிலான். வெள்ளவத்தையில் கலியாண வீடியோ எடுப்பவன்.

"அக்கா, முன்னறையப் புதுசாக்கப் போறம்," என்றார் சாந்தகுமார். "பெரிய ஆக்கள் வருவினம். பெட்டியத் தூக்கிப்போட்டு, காதில மாட்டிக் கேக்கிற மெஷின் ஒண்டு வைக்கிறம். தம்பி பாட்டையும் துப்பரவாக்கித் தாறாராம்."

டிலான் பொத்தானை அமத்திக் கேட்டான். அவனும் அந்த இடத்தில் சிரித்தான். "ஐயோ, செம ஏச்சு. சேர், இந்த சேவல், இருமல், அம்மா கத்துறது எல்லாத்தையும் எடுத்துட்டா பாட்டு சோக்கா வரும்."

சாந்தகுமார் நாகேஸ்வரியைப் பார்த்தார். "அம்மாட பாட்டெல்லோ. உங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லையே?"

இனி ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், இனி எழும்பி உட்காரத் தேவையில்லை. அவளுக்கு முதலில் அதுதான் தோன்றியது. தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

"எடுக்கட்டும் சேர்," என்றாள்.

அடுத்த கிழமை டிலான் துப்பரவாக்கிய பாட்டைச் சாந்தகுமாரின் போனுக்கு அனுப்பியிருந்தான். சாந்தகுமார் அவளைக் கதிரையில் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டார். அம்மா பக்கத்தில் இருந்து பாடுவதுபோல் இருந்தது. அவ்வளவு தெளிவு. பாட்டு ஏறியது, இறங்கியது, அந்த இடம் வந்தது. நாகேஸ்வரி பாதி எழும்பிவிட்டாள். பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. அம்மா ஒருவரையும் கூப்பிடாமல், ஒருவருக்காகவும் காத்திருக்காமல் பாடி முடித்தாள்.

"எப்படி?" என்றார் சாந்தகுமார்.

"நல்லாயிருக்கு சேர்," என்றாள்.

அன்றைக்குப் பின்னறையில் இருந்தவள் பூமணி. பக்கத்து ஊர்க்காரி. புருசன் காலில் புண்ணோடு களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தான். பல வாரமாகப் பூமணி மையத்தில் தங்கி, தினமும் சோறு கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள். கவலை கூடக்கூட அவளுக்கு வாய் நீளும்.

"என்னகா, முகம் வத்தின குளம் மாதிரிக் கிடக்கு?" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டு.

"ஒண்டுமில்ல."

"சின்னாச்சி நீதானே?"

நாகேஸ்வரியின் கையிலிருந்த அகப்பை நின்றது.

"நான் என்ன கண் பொட்டையா? பெட்டி கத்துற நேரமெல்லாம் நீ துள்ளுறாய். கூப்பிட்டா ஓம் எண்டு ஒருக்காச் சொல்லன் எண்டு எத்தின தரம் நினைச்சன்."

"இனிக் கூப்பிடாது," என்றாள் நாகேஸ்வரி. "வெட்டி எடுத்திட்டாங்க."

"நீ பாத்துக்கொண்டு நிண்டியா?"

"எடுக்கட்டும் எண்டு நான்தான் சொன்னன்."

பூமணி கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப போய்க் கேள்."

"எனக்கு ஏலாது. என்ன எண்டு கேக்கிற? சேர் சிரிப்பார்."

"என்ட புருசன்ட கால எடுக்கிறதா விடுறதா எண்டு நான் தினமும் வெள்ளைச் சட்டைக்காரனுக்குப் பின்னால போய்க் கேக்கிறன். எனக்கு மட்டும் ஏலுமா? நாளைக்கு என்னோட வா. வெட்டின பொடியன்ட கடை வெள்ளவத்தையில தானே, அங்க இறங்கு. நான் சோத்தக் குடுத்திட்டு வாறன்."

மறுநாள் இரண்டு பேரும் கோட்டைக்குப் போய், அங்கிருந்து காலி வீதி பஸ்ஸில் ஏறினார்கள். சோற்றுப் பாத்திரம் பூமணியின் மடியில் இருந்தது. வெள்ளவத்தை வந்ததும் நாகேஸ்வரி எழும்பவில்லை. பூமணி அவளை முழங்கையால் இடித்தாள். "இறங்கு. இல்லாட்டி நானே நடத்துனரிட்டச் சொல்லிச் சின்னாச்சி எண்டு கூப்பிடுவிப்பன்." நாகேஸ்வரி இறங்கினாள்.

டிலானின் ஸ்டூடியோ கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், சாறிக் கடைக்கு மேலே இருந்தது. மறுபடியும் படிகள். பாதியில் நின்றாள். கால் வலியால் நின்றதாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். மேலே கலியாண வீட்டுக்காரர் சிலர் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் படம் தெரிவுசெய்துகொண்டிருந்தார்கள். வாசலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடி மேசைக்குப் பின்னாலிருந்து டிலான்தான் முதலில் கண்டான்.

"அட, கொட்டாஞ்சேனை அக்கா. உள்ள வாங்க. பாட்டுல ஏதும் பிழையா?"

"இல்ல மகன். பாட்டு நல்லாயிருக்கு."

"அப்ப?"

"நடுவுல ஒண்டு எடுத்திட்டீங்க."

"சேவலா?"

"சேவல் இல்ல."

"இருமலா?"

"கூப்பிடுற இடம்."

டிலான் பொறுமையாகச் சொன்னான். "அது சமையல் கதை தானே அக்கா. யாரோ ஒரு பிள்ளைக்கு ஏசுறாங்க. பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பெரிய ஆக்கள் கேக்கிற நேரம் சிரிப்பாங்க."

"சிரிச்சாச் சிரிக்கட்டும்," என்றாள் நாகேஸ்வரி. கலியாண வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. ஒளிய அங்கே வேலி இல்லை. "அது என்ட பேர்."

"உங்கட பேர் நாகேஸ்வரி எண்டு தானே சேர் சொன்னார்?"

"அது பள்ளிக்கூடத்துல வெச்ச பேர்."

டிலான் கம்பியூட்டர் பக்கம் திரும்பினான். முழுப் பதிவையும் அழிக்காமல் வைத்திருந்தான். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து அமத்தினான். பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டும் திறந்தே கிடந்தன. சின்னாச்சியோ என்ற சத்தம் ஆல்பங்களுக்கும் கண்ணாடி அலுமாரிகளுக்கும் மேலாகப் போய் ஜன்னலால் ஒழுங்கையில் விழுந்தது. நாகேஸ்வரிக்குக் கால் நகர்ந்தது. அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றாள்.

மணமகளின் தாய்போல் இருந்த ஒரு அம்மா சிரித்தார். "எங்கட வீட்டிலயும் இதே பாட்டுத்தான்," என்று பக்கத்தில் இருந்த மகளைக் காட்டினார். "ஆனா எங்கட சின்னாச்சி போனில இருப்பா."

டிலானும் சிரித்தான். "சரி அக்கா, திரும்பப் போட்டு விடுறன். சேருக்கு நான் சொல்றன். அப்ப சேவலையும் விடவா?"

"சேவல எடுங்க," என்றாள் நாகேஸ்வரி. "அது பக்கத்து வீட்டுச் சேவல்."

சாந்தகுமாருக்குச் செய்தி போய், அவர் வந்து கொஞ்சம் குறைப்பட்டார். "முதலே சொல்லியிருக்கலாமே அக்கா. அது உங்கட தங்கச்சி எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தன்." பெரிய ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கேக் சாப்பிட்டார்கள், போனார்கள். கூட்டி அள்ளியது அவள்தான்.

மரப்பெட்டி போய்விட்டது. புதிய மெஷினில் காதில் மாட்டுகிறவருக்கு மட்டும்தான் பாட்டுக் கேட்கும். முன்னறை ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருந்தது. முதல் சில நாட்கள் அந்த அமைதி நாகேஸ்வரிக்குப் பழகவில்லை. பிறகு, குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார முடிந்தது.

ஒரு நாள் காலை மறுபடியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். பின்னறையில் பூமணி ஆஸ்பத்திரிக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். புருசனின் காலை எடுக்காமல் விட்டுவிட்டார்கள், ஆனால் இன்னும் கொஞ்ச நாள் அங்கேதான் இருக்க வேண்டுமாம். நாகேஸ்வரி கதிரையில் இருந்து முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி காதில் மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கண் படங்களில் இல்லை, எங்கேயோ இருந்தது. திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தாள். ஆசிரியை ஷ் என்றார். சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரித்தாள்.

நாகேஸ்வரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. முழங்கால் சத்தம் போட எழும்பிக் குசினிக்குள் போனாள். உலை உண்மையாகவே பொங்கி, நுரை மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்தது. இழுக்கத் தணல் இல்லை. காஸைக் குறைத்துவிட்டு, பழந்துணியால் அடுப்பைத் துடைத்தாள். பூமணியின் பாத்திரத்தை எடுத்துக் கழுவி, சோறு போட ஆயத்தமாக வைத்தாள்.