எண்பது பக்க நோட்டு

பேரனுக்கு நோட்டு வாங்கினால் இன்றைக்கும் கடையிலேயே நின்று தாள்களை எண்ணிப் பார்ப்பேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். இது ஆறாம் வகுப்பில் பிடித்த வியாதி.

அந்த வருஷம் கட்டுரை நோட்டுக்குப் பக்க எண் போட்டு வரச் சொன்னார் சார். அட்டையில் எண்பது பக்கம் என்று அச்சிட்டிருந்தது. நான் போட்ட எண் எழுபத்திரண்டில் நின்றது. "எட்டுப் பக்கத்தையும் கிழிச்சுக் கப்பலா விட்டே?" என்றார் சார். பக்கத்துக்கு ஒன்றாக எட்டு அடி. கிழித்ததை ஒப்புக்கொள்ளும்வரை வகுப்புக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அத்தை கருவாடு விற்பவள். மறுநாள் கோட்டாறு சந்தைக்குப் போகும் பஸ்ஸில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். "அட்டையில எத்தனைன்னாக்கும் போட்டிருக்கு மக்கா?" என்று வழியில் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் எண்பது என்றேன். அவளும் என்னை நம்பவில்லை என்று அழுகை வந்தது.

நோட்டு வாங்கிய கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம். அத்தை என் நோட்டை வெளியே எடுக்கவேயில்லை. பிரிக்காத கட்டைக் காட்டி, "அதுல ஒண்ணு எடும்" என்றாள். அதைக் கூடைமேல் விரித்து, கருவாடு எண்ணும் அதே ராகத்தில் தாள்களை எண்ணினாள். "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

முப்பத்தாறில் நின்றது.

"தாளுக்கு ரெண்டு பக்கம். எழுவத்திரெண்டு."

"அட்டையையும் சேத்தாக்கும் எண்பது," என்றார் கடைக்காரர்.

"அட்டையில புள்ள என்னத்த வே எழுதுவான்? சரி, சேத்துக்கிடும். நாலு கூடும். மிச்சம் நாலு எங்க?"

அவர் வாய் திறக்குமுன் கூட்டத்துப் பிள்ளைகள் தங்கள் நோட்டுகளை எண்ணத் தொடங்கினார்கள். லாபம், ரெண்டு என்று பதினொரு குரல்கள். கோயில் திருநாளில்கூட அப்படியொரு முழக்கத்தை நான் கேட்டதில்லை.

கடைக்காரர் வேறு நோட்டை எண்ணிக் கொடுத்தார். "வாத்தியாருக்குக் காட்டணும், எழுதித் தாரும்" என்றாள் அத்தை. பக்கம் குறைவு, மாற்றித் தரப்பட்டது என்று அவர் எழுதிய சீட்டை அவள் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள்.

"சரியா எழுதியிருக்காரா, பாரு."

நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அத்தைக்கு எழுத்தோ எண்ணோ வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. என் வாய்ச்சொல் ஒன்றை நம்பித்தான் கடைத்தெருவில் அத்தனை பேர் முன்னால் நின்றிருக்கிறாள். பஸ்ஸில் அவள் கேட்டது மூன்று முறை. "நீ கிழிச்சியா?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை எண்ண எனக்கு அன்று தெரியவில்லை.