சித்தப்பா கதவை அவித்த கதை

எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு வேலையைத் தொடங்கத் தெரியும். முடிக்கத்தான் வேறு ஆள் வேண்டும். அப்படி அவர் தொடங்கியவற்றில் பெரியது எங்கள் வீட்டுத் தெருக்கதவு.

ஆரணியில் எங்களுடையது சாயப்பட்டறை வீடு. நெசவுக்காரர்கள் கொண்டுவரும் கச்சாப் பட்டை அப்பா சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்துப் பசை போக்கி, கேட்ட நிறத்தில் சாயம் ஏற்றிக் கொடுப்பார். வீட்டில் எல்லோருடைய நகக்கண்ணிலும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அக்காவைப் பெண் பார்க்கக் களம்பூரிலிருந்து வந்தவர்கள் அவள் விரலைப் பார்த்து மருதாணியா என்று கேட்டார்கள். சாயம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அவர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. அக்காதான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கேட்டால், "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடும்மா, அப்பா கிட்ட நான் பேசிக்கறேன்" என்று அம்மா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். பதில் அதேதான்.

அக்காவின் கூரைப் புடவைக்கான பட்டுநூல் சிட்டங்கள் வெள்ளைத் துணியில் கட்டிச் சாமி படத்துக்குக் கீழே இருந்தன. ஊரார் பட்டையெல்லாம் அவித்த அப்பா தன் வீட்டுக்கென்று அவிக்கப் போவது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூரைப் பட்டு அண்டாவில் இறங்கிவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரி. அதற்கப்புறம் யாரும் பேச்சை மாற்றக் கூடாது. அதனால் அம்மா இன்று அமாவாசை, நாளை பாட்டிமை என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தாள். அப்போது எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். கதவு வேலை முடியவில்லையே என்றுதான் அவள் கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்திகள் வரும்போது கதவு நல்ல மரநிறத்தில், வார்னிஷ் போட்டுப் பளபளவென்று இருக்க வேண்டும் என்று சித்தப்பா முடிவு செய்திருந்தார். பல பொங்கலுக்கு அடித்த பெயிண்ட், பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் காவி என்று கதவில் தடித்துக் கிடந்தது. "பட்டுல கீற பசையே எடுக்கறோம் அண்ணி, இந்தப் பெயிண்ட் எம்மாத்திரம்? ஜல்தியா முடிச்சிடறேன் பாருங்க" என்று கதவைக் கழற்றிக் கொல்லையில் கிடத்தினார். பட்டு அவிக்கிற அதே சோப்புத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க அதன்மேல் ஊற்றினார். சாயப்பட்டறைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. பெயிண்ட் துளிகூடப் பெயரவில்லை. இருந்த அழுக்கு மட்டும் போய், கதவு நேற்றுத்தான் பெயிண்ட் அடித்தது போல் மின்னியது. அப்பா வந்து பார்த்துவிட்டு, "நல்லா குளிப்பாட்டி வச்சிகீற. அப்படியே பவுடரும் போட்டு வுடு" என்றார்.

அதற்குள் தெருவாசலில் கதவுக்குப் பதிலாகக் கோணி தொங்கியது. எதிர்வீட்டு ஆடு அதை மென்றுகொண்டே உள்ளே வந்து எங்களோடு கூடத்தில் நிற்கும்.

பிறகு சித்தப்பா பெயிண்ட் கடையில் விசாரித்துக் காஸ்டிக் சோடா வாங்கி வந்தார். என்னைக் கிட்டே சேர்க்கவில்லை. பட்டு அவிக்கும் செம்பு அண்டாவிலேயே அதைக் கரைத்தார். வேண்டிய அளவு சட்டியில் மொண்டு, கோலில் கட்டிய தேங்காய் நாரால் கதவில் தடவினார். பெயிண்ட் பொங்கிச் சுருங்கிக் கூழாக வழிந்தது. தகரத்தால் சுரண்டச் சுரண்டக் காவி போய், நீலம் போய், பச்சை போய், மரம் தெரிந்தது. சித்தப்பாவின் சட்டையிலும் இரண்டு இடத்தில் உடம்பு தெரிந்தது. ஒரு பக்கம் முடிந்ததும், மறுபக்கத்துக்கு ஆகுமென்று அண்டாவில் மிச்சமிருந்ததைப் பலகையால் மூடினார். கை எரிகிறது என்று எண்ணெய் தடவிக்கொண்டு சினிமாவுக்குப் போய்விட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அப்பா, "இனிமே தள்ள முடியாது, இன்னிக்கு அவிச்சே ஆவணும். நான் வர்றதுக்குள்ள நீயே எறக்கிடு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுச் சாயப்பொடி வாங்கக் கடைக்குப் போனார். அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அம்மா பலகையை எடுத்தாள். அண்டாவில் தண்ணீர் இருந்தது. முந்தின நாளே சோப்புக் கரைத்து வைப்பது அப்பாவின் பழக்கம் என்பதால் அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. அடுப்பை மூட்டினாள். தண்ணீர் கொதித்ததும் சிட்டங்களைக் கோலில் கோத்துச் சாமி கும்பிட்டுவிட்டு இறக்கப் போனாள்.

"அம்மா, போடாத. நுரையே இல்ல பாரு, அது சித்தப்பா தண்ணி."

முறம் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம் சிதற அக்கா ஓடிவந்து கோலைப் பிடுங்கினாள். ஒரு சிட்டத்திலிருந்து தொங்கிய நாலு இழை மட்டும் தண்ணீரில் பட்டுவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொழகொழவென்றாகிக் காணாமல் போனது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அண்டாவில் கஞ்சிதான் மிஞ்சியிருக்கும்.

அக்கா சிட்டங்களை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"ஒண்ணும் ஆவலடி. போயிருந்தாலும் வேற பட்டு வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா.

"வேற வாங்கி எப்ப அவிச்சு, எப்ப நெய்யறது? தைக்குள்ள ஆவுமா? கல்யாணம் தள்ளிப்போயிருக்கும் இல்ல?"

அம்மா அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். "தள்ளிப்போனா இன்னாடி?"

அக்கா முகத்தைப் பட்டில் புதைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்தே, "அரக்குக் கலர்தான் வேணும், பார்டர் மஞ்சளா இருக்கணும், அப்பா கிட்ட நீயே சொல்லிடு" என்றாள்.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இத்தினி நாளா" என்று அக்காவின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அண்டாவைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்துப் பலமுறை கழுவினாள். புதுத் தண்ணீரில் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு, நுரை பொங்கி வந்ததும், அக்காவையே பட்டை இறக்கச் சொன்னாள்.

விஷயம் தெரிந்து சித்தப்பா கொல்லையில் கிடந்த கதவை நிமிர்த்திச் சாத்தி அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இன்று அவருக்கு நல்ல பூசை என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். அம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முட்டை ஊற்றித் தோசை சுட்டுப் போட்டாள். அது முடிந்ததும் கேட்காமலே இன்னொன்று. "அண்ணி, திட்றதுன்னா திட்டிடுங்க, இது பேஜாரா கீது" என்றார் அவர். அம்மா தட்டில் சட்னியை ஊற்றினாள்.

எனக்கும் முட்டை வேண்டும் என்றேன். "நீ இன்னா பண்ணே, உனக்கு முட்டை?" என்றாள் அம்மா. பட்டைக் கரைக்கப் பார்த்தவருக்கு முட்டைத் தோசை, ஒரு பாவமும் அறியாத எனக்கு வெறும் தோசை. இதென்ன நியாயம் என்று அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.