கரும்புக்கும் குடி கேட்டவர்

வெற்றிலை வட்டாவை ஒரு கையால் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ஊரின் பெரிய வயற்காரரான ஸைனுலாப்தீன் போடியார் வந்தவரை விசாரிப்பார். "எந்தக் குடி மனே?" தாய்வழியில் வருகிற குடியின் பெயரைச் சொல்லி, அது அவருக்குத் திருப்தியாகவும் இருந்தால் வட்டா நம் பக்கம் நகரும். கல்முனைக்கு மாற்றலாகி வந்த புதிதில், சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு குடியும் இல்லை. பல தடவை வெறும் வாயோடு திரும்பினேன். பிறகு வெளியூர்க்காரன் என்று இரக்கப்பட்டுப் பாக்கு மட்டும் தந்தார்.

மனிதரை மட்டும் அல்ல. பசு வாங்கப் போனால் அதன் தாய் எத்தனை போத்தல் கறந்தது என்பார். மாங்கன்று வாங்குமுன் தாய் மரத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மிளகாய் நாற்றுத்தான் இதுவரை தப்பியிருக்கிறது.

இங்கினியாகலை அணைத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து, சீனி ஆலையும் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நாட்களில், அரசாங்கப் பண்ணையிலிருந்து ஒரு வண்டில் கரும்புக் கரணை, நடுவதற்கென்று வெட்டிய துண்டுகள், கொண்டுவந்தார். இரண்டு நல்ல இனங்களைச் சேர்த்து உண்டாக்கிய உயர்ந்த இனமாம். தாய்க் கரும்பு எது, தகப்பன் கரும்பு எது என்று கேட்டு மனனம் செய்துகொண்ட பிறகே வண்டிலில் ஏறினார். நட்டதோ கடல்நீர் ஏறி இறங்கும் களப்போரத்து உவர் நிலத்தில். கோடையில் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும் இடம் அது. நெல் விளையாது என்று அவரே கைவிட்டிருந்தார். கேட்டவர்களுக்குப் பதில் தயாராக இருந்தது: "நல்ல குடியில பொறந்தது எங்க வெச்சாலும் நல்லாத்தான் வரும்."

அதே சமயம் வீட்டில் வேறொரு வழக்கு. சங்கக் கடை மனேஜர் மசூர், போடியாரின் ஒரே மகள் சுபைறாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். சுபைறாவுக்கும் அவரைத் தவிர வேறு மாப்பிள்ளை வேண்டாம். மசூர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்து, பாலமுனையில் ஒரு மீன்பிடிக் குடும்பம் எடுத்து வளர்த்தவர். பெற்றவள் யார், எந்தக் குடி என்று சொல்ல ஆளில்லை. தொழுகை, நடத்தை, உத்தியோகம் மூன்றிலும் குறையில்லை என்று போடியாரே ஒப்புக்கொண்டார். "ஆனா உம்மா ஆரெண்டு தெரியாதவனுக்கு எண்ட புள்ளயக் குடுக்க ஏலாது." அன்றோடு சுபைறா வாப்பாவுடன் கதைப்பதை விட்டாள். சோறு வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள்.

கரும்பு வெட்டும் காலம் வந்தது. களப்போரத்தில் நின்றது விரல் பருமன். ஓலை நுனியெல்லாம் கருகி, கடித்தால் நாக்கில் கரித்தது. பண்ணைக்காரர்கள் ஏதோ கீழ்க்குடிக் கரணையைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைத்தெரு முழுக்கப் போடியார் திட்டித் தீர்த்தார்.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு அவருடன் நானும் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி ஸகியா உம்மா, மணிக்கட்டுப் பருமனான கரும்புத் துண்டுகளை ஒரு தட்டில் அனுப்பினார். போடியார் ஒன்றைக் கடித்தார். சாறு தாடியில் வழிந்தது.

"இதுதான் குடிக் கரும்பு. கடிச்சாலே தெரியிது தாய் ஆரெண்டு. எங்க வாங்கின?"

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஸகியா உம்மாவின் பதில் வந்தது. "வாங்கல்ல. ஒங்கட வண்டில்ல மிஞ்சின கரணையத்தான் கிணத்தடியில ஊண்டின. நல்ல தண்ணியும் ஆட்டெருவும் கிடைச்சிச்சு, வளந்திட்டு."

கிணற்றடி பெண்கள் புழங்கும் பக்கம். அங்கே போடியார் எட்டிப் பார்ப்பதில்லை. இனம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நாட்டுக் கரும்பை அதே கிணற்றடியில் நட்டாலும் இந்தப் பருமன் வராது. ஆனால் உவர் நிலம் யாருடைய உம்மாவையும் விசாரிப்பதில்லை. போடியார் இன்னொரு துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸலாம் சொல்லிக்கொண்டு மசூர் வந்து நின்றார். ஸகியா உம்மா சொல்லியனுப்பியிருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. கேள்வி வருமென்று தெரிந்தவராக, மசூர் தலையைக் குனிந்துகொண்டார்.

போடியார் வழக்கம்போல் வட்டாவைத் தன் பக்கம் இழுத்தார். கேட்பதற்கு வாயைத் திறந்தார். வாய் நிறையக் கரும்பு. துப்பிவிட்டுக் கேட்டிருக்கலாம். அவர் துப்பவில்லை. சாற்றை விழுங்கிக்கொண்டு, கண்ணை வேறெங்கோ வைத்தபடி, வட்டாவை மசூரின் பக்கம் தள்ளிவைத்தார்.