மலாயா மாப்பிள்ளைக்குச் சுட்ட பாண்

பீற்சா என்ற பெயர் என் காதில் விழுவதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே நான் அதைத் தின்றுவிட்டேன். அதுவும் தெல்லிப்பழையில், வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், செம்மண் புழுதி கண்ணைக் கரிக்கும் ஒரு பங்குனி மாதத்தில். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அம்மாவுக்கு வயது போய்விட்டது, இல்லாததெல்லாம் சொல்கிறார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் பட்ட பயத்தில் கால்வாசியாவது பட்டிருந்தால் அவர்களுக்குச் சிரிப்பு வராது.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். வீட்டில் மாமா, குஞ்சம்மா, நான் என்று மூன்றே பேர். என்னைப் பெற்ற ஐயாவுக்குக் கொழும்பில் உத்தியோகம். லீவுக்கு வருவார், என் தலையைத் தடவுவார், போவார். அம்மா எனக்குப் பல் முளைக்கு முன்னரே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவின் தங்கையான குஞ்சம்மாதான் என்னைக் குளிப்பாட்டி, தலை இழுத்து, சோறு தீத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் கையைப் பிடித்து வேதக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வளர்த்தார். மாமா அம்மாவுக்கும் குஞ்சம்மாவுக்கும் மூத்தவர். மிஷன் பாடசாலையில் வாத்தியார். அத்தோடு ஊர் மதுவிலக்குச் சங்கத்துக்குக் காரியதரிசி. கோயிலில் எழுந்து நின்று கள்ளின் கேடுகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், வாழ்நாளில் அதை மணந்தும் பார்க்காத கிழவிகள்கூடத் தலைகுனிந்து மனம் வருந்துவார்கள்.

குஞ்சம்மா மிஷனில் பெண்பிள்ளைகளுக்குச் சமையல் வகுப்பு நடத்திய மிசியம்மாவுக்கு உதவியாக இருந்தார். மிசியம்மா அமெரிக்காக்காரி, கலியாணம் செய்யாதவர். தன் தாயார் வருத்தத்தில் படுக்கையாகிவிட்டார் என்று தந்தி வந்து ஊருக்குப் போனபோது, மா பிசையும் மெசினைக் குஞ்சம்மாவின் பொறுப்பில் விட்டுப் போனார். வாளி போல ஒரு தகரப் பாத்திரம். மேசை விளிம்பில் திருகாணியால் இறுக்கவேண்டும். மேலே ஒரு கைபிடி, உள்ளே வளைந்த கம்பி. மாவையும் தண்ணீரையும் போட்டுக் கைபிடியைச் சுற்றினால் கம்பி மாவைப் புரட்டிப் புரட்டி அடிக்கும். கை அழுக்காகாது. மேசைதான் தெருவுக்கு நடக்கப் பார்க்கும். அது நடவாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

அந்த மெசினில் மிசியம்மா பாண் செய்வார், பொங்கி உயர்ந்து வரும் வெள்ளைக்கார ரொட்டி. சனிக்கிழமைகளில் மாத்திரம், மாவைத் தட்டையாகத் தட்டி, மேலே தக்காளியும் வெங்காயமும் தகர ரின்னில் அடைத்து வரும் சீஸும் பரப்பிச் சுடுவார். அவருடைய ஊரில் இத்தாலிக்காரர் தெரு ஒன்று இருந்ததாம், அங்கே பழகியதாம். நாங்கள் அதைத் தக்காளி ரொட்டி என்போம்.

இனி மாமாவின் வாயைப் பற்றிச் சொல்லவேண்டும். உரும்பிராயில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். மகனுக்கு மலாயாவில் றெயில்வே உத்தியோகம், பெண் பார்க்க லீவில் வந்திருந்தார். மாமா போய்ப் பேசியிருக்கிறார். மாப்பிள்ளையின் தாயார், தன் மகன் மலாயாவில் காலையில் பாண் தின்று பழகிவிட்டான், பாண் இல்லாவிட்டால் அவனுக்குப் பொழுது விடியாது என்று சும்மா பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் அந்த நாட்களில் பாண் என்பது காய்ச்சலில் கிடக்கும் வருத்தக்காரரின் சாப்பாடு. வீட்டில் ஒருவரும் சுடுவதில்லை. மாமாவுக்கு வந்ததே உற்சாகம்!

"எங்கடை தங்கச்சி மெசினிலை பாண் சுடுவாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து ஒரு துண்டு திண்டு பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

குஞ்சம்மாவை முன்னரும் சிலர் வந்து பார்த்தார்கள். பலகாரம் தின்று, கை துடைத்து, "பிறகு அறிவிக்கிறம்" என்று சொல்லிப் போனார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. குமர் முற்றிப்போய்விட்டது, இதுவும் தவறினால் இருந்தபடியே இருக்கவேண்டியதுதான் என்று அயலில் பேசுவது எனக்கும் கேட்டிருந்தது. இருந்தபடியே இருப்பதில் என்ன கெடுதி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பெரியவர்கள் அதைச் சொன்ன தொனியில், அது அம்மாவுக்கு வந்த காய்ச்சலைவிட மோசமான ஒன்று என்று முடிவு செய்துகொண்டேன். ஆகவே வெள்ளிக்கிழமை பாண் சரியாக வந்தே தீரவேண்டும்.

வெள்ளி காலை முதல் அடி விழுந்தது. மாவைப் பொங்கவைக்க மிசியம்மா விட்டுப்போன ஈஸ்ற் தூளைக் குஞ்சம்மா இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனியோடு கரைத்தார். நுரைக்கவேண்டும். நுரைக்கவில்லை. மாரி மழையின் ஈரம் ரின்னுக்குள் போயிருந்தது.

"அண்ணை, ஈஸ்ற் செத்துப்போச்சு" என்றார் குஞ்சம்மா.

"சாகிறதுக்கு உது என்ன ஆடோ மாடோ?" என்று மாமா பாய்ந்தார். "பேந்தும் ஒருக்கால் கரைச்சுப் பார்."

மறுபடியும் கரைத்தார்கள். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை.

"கள்ளு விட்டால் பொங்கும்" என்றார் குஞ்சம்மா மெதுவாக. "பட்டணத்துப் பேக்கரியளிலை அதுதான் விடுகினம்."

மாமாவின் காது இரண்டும் சிவந்தன. அவர் கூரையைப் பார்த்தார், கைபிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. நான் சந்தைக்குப் போறன்" என்று சொல்லிக்கொண்டு படலையைத் திறந்து போனார். சந்தையில் அவருக்கு அன்று ஒரு வேலையும் இருக்கவில்லை.

பின்வளவுக்கு அப்பால், பனை சீவிக் கள்ளு இறக்குகிறவரின் வீடு. அவருடைய மனைவியை வேலிக்கு அழைத்துக் குஞ்சம்மா குசுகுசுத்தார். அந்த மனிசி நெஞ்சில் கைவைத்து, "வாத்தியார் வீட்டுக்கோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. பிறகு ஒரு மண் முட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்து வேலிப் பொட்டு இடைவெளியால் நீட்டினார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கள்ளை மணந்தாலே பாவம் என்று மாமா சொல்லியிருந்தார். குஞ்சம்மா விரலை முட்டிக்குள் விட்டு நாக்கில் வைத்தார். வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல கள்ளோ, குஞ்சம்மா?"

"காணும், காணும். நீ மேசையைப் பிடி" என்று சொல்லி முழுவதையும் மாவுக்குள் ஊற்றினார்.

சுற்றினார், சுற்றினார், அப்படிச் சுற்றினார். நான் மேசைக் காலைக் கட்டிப் பிடித்தபடி, "யேசுவே, மா பொங்கவேணும், கள்ளை மன்னியும்" என்று ஒரே மூச்சில் இரண்டு விண்ணப்பங்களையும் போட்டுக்கொண்டிருந்தேன். மா உருண்டு வழுவழுவென்று வந்தது. ஈரத்துணியால் மூடி அடுப்படிக் கதகதப்பில் வைத்தோம்.

பொங்கவில்லை. நான் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். தூக்கினால் குளிர் பிடிக்கும் என்று தோன்ற, மூடிவிட்டுத் தள்ளி நின்றேன். நிற்க முடியாமல் மறுபடியும் தூக்கினேன். வைத்த மா வைத்தபடியே கிடந்தது. மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை. வெயில் சாய்ந்து முற்றத்து மாமர நிழல் கிணற்றடிக்குப் போய்விட்டது. விருந்தாளிகள் உரும்பிராயிலிருந்து வண்டி கட்டியிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து, பனை சீவுகிறவரின் மனிசி முட்டியைத் திருப்பி வாங்க வந்தார்.

"கருப்பணி நல்லாய் இருந்துதோ, பிள்ளை? வாத்தியார் வீட்டுக்குக் கள்ளுக் குடுக்க எங்களுக்கு மனம் வருமே? சுண்ணாம்பு வடிவாய்ப் பூசின முட்டியாய்ப் பாத்து எடுத்தனான்" என்றார் பெருமையாக.

கள்ளு இறக்கும் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டால் அது கருப்பணி. தேன் போல இனிக்கும், வெறிக்காது, புளிக்காது. புளிக்காதது எப்படி மாவைப் பொங்க வைக்கும்? பங்குனி பிறந்தால் எங்கள் ஊரில் கைக்குழந்தை முதல் எல்லாரும் குடிப்பது அதைத்தான். நாக்கில் வைத்த குஞ்சம்மாவுக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

குஞ்சம்மா அழவில்லை. ஆச்சரியம், காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவர் முகம் இளகியிருந்தது.

"பொங்கேல்லை எண்டால் பொங்கேல்லை, குஞ்சு. என்ன செய்யிறது? வாழைப்பழமும் தேத்தண்ணியும் குடுத்து அனுப்புவம்."

"ஐயோ, அவை பிறகு அறிவிக்கிறம் எண்டு போயிடுவினம்!" என்று நான் கத்தினேன். "தக்காளி ரொட்டி செய்யுங்கோ, குஞ்சம்மா. அது தட்டையாய்த்தானே இருக்கிறது. பொங்காட்டிலும் ஒருதருக்கும் தெரியாது. செய்யுங்கோ, குஞ்சம்மா, செய்யுங்கோ!" அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். மிசியம்மா விட்டுப்போன சீஸ் ரின் அலுமாரியில் இருக்கிறது என்று ஓடிப்போய் எடுத்தும் வந்துவிட்டேன்.

குஞ்சம்மா என்னைத் தன் முன்னால் நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டார். "உண்மையைச் சொல்லு. இந்தக் கலியாணம் நடக்கவேணும் எண்டு உனக்கு விருப்பமோ?"

"ஓம்" என்றேன். யோசிக்கவேயில்லை. இதிலே யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து இருப்பார். நான் கண்ட கலியாணம் எல்லாம் அப்படித்தான். மலாயாக்காரர்களும் அப்படித்தான், எங்கள் ஒழுங்கையில், அயல் வீடுகளிலேயே இரண்டு பேர் பென்சன் எடுத்து வந்து மனைவியின் வீட்டு வாசலில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்கள். நாங்கள் இருந்த வீடு குஞ்சம்மாவின் சீதனம்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் குசினியில் நடந்த வேகத்தை என்னவென்று சொல்ல! மாவைப் பலகையில் போட்டு அடித்த அடியில் சட்டிகள் அதிர்ந்தன. நான் தக்காளி வெட்டினேன், விரலையும் கொஞ்சம் வெட்டினேன். மிசியம்மா போடாத பச்சை மிளகாயைக் குஞ்சம்மா அள்ளிப் போட்டார். இரும்புத் தாச்சியை மூடி, அடியிலும் மேலும் சிரட்டைத் தணல். தணல் கூடினால் கருகும், குறைந்தால் வேகாது. அப்போது படலையில் வண்டி மாட்டின் சலங்கை கேட்டது. "கெதியாய், குஞ்சம்மா, கெதியாய்" என்று நான் நின்ற இடத்திலேயே துள்ளினேன்.

சந்தையிலிருந்து திரும்பியிருந்த மாமா முன் விறாந்தையில் சிரித்துக்கொண்டு நின்றார். குஞ்சம்மா தட்டத்தைக் கொண்டு போய் வைத்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சிவப்பும் மஞ்சளுமாக, ஆமை ஓடு நசுங்கியது போல ஒன்று தட்டத்தில் கிடந்தது.

"இது... அமெரிக்கன் பாண்" என்றார் மாமா.

மாப்பிள்ளையின் தாயார் விரல் நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தார். "பாண் எண்டால் உயரமாயெல்லோ இருக்கும்?"

நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்தார். மெலிந்த மனிதர், வெட்கம் பிடித்தவர். கடித்தார். மென்றார். மெல்லுவதற்கு இவ்வளவு நேரமா? பிறகு இன்னொரு துண்டை எடுத்தார். பச்சை மிளகாய் உறைத்துக் கண்ணீர் வர வர, மூன்றாவதையும் எடுத்தார்.

"அம்மா, திண்டு பாருங்கோ. உது பினாங்கிலையும் கிடையாது" என்றார்.

தாயார் தின்றார். இன்னும் கொஞ்சம் தின்றார். தட்டத்தை மடிக்குக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, "கைப்பக்குவம் இருக்கு. நாங்கள் ஏன் பிறகு அறிவிப்பான்? இப்பவே சொல்லுறம்" என்றார்.

மாமா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கலியாண நாள், கப்பலில் இரண்டு இடம், லீவு முடிவது என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். அதைக் கேட்க எனக்கு எங்கே பொறுமை? குசினிக்குப் பறந்தேன்.

குஞ்சம்மா மெசினின் வளைந்த கம்பியில் ஒட்டிக் காய்ந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சரிவந்திட்டுது, குஞ்சம்மா! அவைக்குப் பிடிச்சிட்டுது!"

"ம்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரு கவலை புதிதாய் முளைத்திருந்தது. அதை உடனே தீர்த்துக்கொள்ளாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

"குஞ்சம்மா, அந்த மலாயா மாமா வந்தால் எந்த அறையிலை படுப்பார்? எங்கடை அறையை நான் குடுக்கமாட்டன்."

அவருடைய கை நின்றது. மாப் பிடித்த கையை என் மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் என்னை அணைத்தார். அவர் முகம் என் உச்சந்தலையில் இருந்தது. அங்கே ஈரமாக ஏதோ பட்டது.

"குடுக்க வேண்டாம், குஞ்சு. அந்த அறை உனக்குத்தான். முழுக்க உனக்குத்தான்."

என் பயம் அத்தனையும் அந்தச் சொல்லோடு தீர்ந்துவிட்டது. மிச்சத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க நான் விறாந்தைக்கு ஓடினேன்.